உம்மாவின் பட்டன் போனில் இருந்து தொடங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பயணம் போக இருப்பவர்களும், அவர்களை அனுப்பி வைக்கிறவர்களும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று 2022 இல் சுற்றறிக்கை வந்த நாளில் இருந்து எங்கள் ஆசிரியர் அறையில் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. பிள்ளைகளும் அப்படித்தான். உயர்தரம் எழுதிவிட்டு ஒருவன் டுபாய், ஒருத்தி லண்டன், பக்கத்து வீட்டுக் குடும்பம் கனடா. போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "அங்க எந்த சிம் நல்லது? எந்த பெக்கேஜ் போடலாம்?"

இந்த வருஷம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. கடைசித் தம்பிக்கு ஷார்ஜாவில் வேலை சரிவந்தது. விசா வரும் வரைக்கும் இருந்த மூன்று கிழமையில் அவன் அதிகம் பார்த்தது எதிசலாத், டு, வேர்ஜின் மூன்றினதும் பெக்கேஜ் விளம்பரங்களைத்தான். இது இத்தனை ஜிபி, அது இத்தனை ஜிபி, இதில் யூடியூப் தனி. ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். உம்மா பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மன" என்பார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்கு அலுக்க அலுக்கச் சொல்லித் தந்த ஒரு விஷயம், பாடத்தை அறிந்ததில் இருந்து தொடங்கி அறியாததற்குக் கொண்டுபோக வேண்டும் என்பது. பாடக்குறிப்பு எழுதுகிற ஒவ்வொரு நாளும் அந்த வரி வந்து நிற்கும். தம்பியின் பெக்கேஜ் விஷயத்திலும் எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அறியாதது ஷார்ஜா. அறிந்தது உம்மாவின் போன். அதை மேசையில் வைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கினோம்.

உம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பச்சைப் பட்டன் எடுக்க, சிவப்புப் பட்டன் வைக்க. 1 ஐ அழுத்திப் பிடித்தால் ஒரு எண், 2 ஐ அழுத்திப் பிடித்தால் இன்னொரு எண் என்று ஸ்பீட் டயல் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எழுத்து வாசிக்க மாட்டார், எண்கள் தெரியும். ஸ்மார்ட் போன் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம்; விரல் பட்டதும் திரை எங்கோ போய்விடுகிறது என்று இரண்டாம் நாளே திருப்பித் தந்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம், ஆனால் பட்டன் போனின் மணி ஐந்து சந்தி வரைக்கும் கேட்கும்.

இந்தப் போனுக்கு ஷார்ஜாவில் இருந்து ஒருவன் எப்படிப் பேசுவான்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத பெக்கேஜ் எத்தனை ஜிபி தந்தாலும் எங்கள் வீட்டுக்கு உதவாது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் போய் இறங்கிய பிறகுதான் அறிந்துகொள்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். அழைப்பு எடுக்க முடியாது. குரல் அழைப்பும் இல்லை, வீடியோ அழைப்பும் இல்லை. இணைய வழி அழைப்புக்கு அந்த நாட்டு ஒழுங்குபடுத்தும் ஆணையம் அனுமதித்த செயலிகள் மட்டும்தான் வேலை செய்யும். அவற்றில் எங்கள் ஆட்கள் அதிகம் பாவிப்பது போட்டிம். 2018 இல் எதிசலாத்தும் டுவும் இதற்கென்றே மாதம் 50 திர்ஹத்துக்கு ஒரு தனிப் பெக்கேஜ் கொண்டுவந்தார்கள். டேட்டாவுக்கு ஒரு காசு, அந்த டேட்டாவில் பேசுவதற்கு இன்னொரு காசு. சவூதி 2017 செப்டெம்பரில் இந்தத் தடையைத் தளர்த்தியது. அதனால் ரியாதில் இருக்கிற மச்சான் சொல்கிற அனுபவத்தை டுபாய்க்குப் போகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வளைகுடா என்பது ஒரே நாடு இல்லை.

"வீபீஎன் போட்டால் எல்லாம் வேலை செய்யும்" என்று தம்பிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நாட்டின் 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டத்தில், இணைய விலாசத்தை மறைத்துக் குற்றம் செய்தாலோ குற்றம் வெளிவராமல் தடுத்தாலோ சிறையும் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டமும் இருக்கிறது. உம்மாவோடு பேசியதற்காக ஒருவரைப் பிடிப்பார்களா என்று வாதாடலாம். வாதாடுவதற்கு வக்கீல் வேண்டும். வட்டிக்கு எடுக்காமல் நகையை விற்று விசா எடுத்த வீட்டுக்கு அந்த விளையாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

சரி, போட்டிம் இருக்கிறதே என்றால், போட்டிம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எங்கள் போனில் போடலாம். நாங்கள் பாடசாலையில் நிற்கும்போது, உம்மா வீட்டில் தனியே இருக்கும்போது, அது எதற்கு?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு வாப்பா சுபஹுக்குப் பிறகு மௌத்தானார். ஒரே மகன் அமீரகத்தில். வீட்டார் வாட்ஸப்பில் எழுதினார்கள், குரல் பதிவு அனுப்பினார்கள், போட்டிமில் அழைத்தார்கள். ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்த மகன் அறையில் இருக்கிற வைபையில்தான் எல்லாம் பார்ப்பவர். வேலைக்குப் போகும்போது டேட்டா இல்லை. அங்கத்தைய சிம் ஒன்று இருந்தது. அதன் எண் வீட்டில் ஒருவரிடமும் இல்லை, ஏனென்றால் எல்லாம் வாட்ஸப்பில் நடந்தது, வாட்ஸப் இலங்கை எண்ணில் இருந்தது. எங்கள் ஜனாஸாக்கள் காத்திருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அஸருக்கு முன்னர் அடக்கம் முடிந்தது. மகன் வேலை முடிந்து அறைக்கு வந்து போனைப் பார்த்தபோது அங்கே இரவு எட்டு மணி, இங்கே ஒன்பதரை. எப்படியும் அவரால் வந்து சேர்ந்திருக்க முடியாது. ஆனால் தொழுகை நடக்கிற நேரம் அவரும் அங்கே ஒரு பள்ளிவாசலில் நின்றிருக்கலாம். இப்போதும் அவர் அதைத்தான் சொல்கிறார்.

ஒரு சாதாரண அழைப்பு போதுமாக இருந்தது. சாதாரண அழைப்புக்கு டேட்டா தேவையில்லை, வைபை தேவையில்லை, செயலி தேவையில்லை. தன் சொந்த நாட்டுச் சிம்முக்கு வருகிற அழைப்பை எடுக்கக் காசும் இல்லை. சிம் உயிரோடு இருந்தால் மணி அடிக்கும்.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி வந்தது. டேட்டா சின்னதாக இருந்தால் போதும், அறையில் வைபை இருக்கிறது. தேவை, இலங்கைக்கு நேரே பேசுகிற சர்வதேச நிமிடங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், முப்பது நாளைக்கு முந்நூறு நிமிடம் என்று தம்பி போட்டான். நாங்கள் வெட்டினோம். பன்னிரண்டு மணித்தியால வேலை செய்கிறவன் ஒவ்வொரு நாளும் பேசப் போவதில்லை. கிழமைக்கு மூன்று தரம் என்றால் நூற்று முப்பதுக்குள் அடங்கும். பிறகு பார்த்தால் முதல் மாதம் தொண்ணூறு கூடப் போகவில்லை, அதற்குக் காரணம் உம்மா. மூன்றாவது நிமிடத்தில் "காசு போகுது, வை மன" என்று அவரே சிவப்புப் பட்டனை அழுத்திவிடுவார். நிமிடம் பெக்கேஜுக்குள்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. கொமினிகேஷன் கடையில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசிய பழக்கம் அது.

இந்த நிமிடங்களைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். "சர்வதேச நிமிடம்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். எந்தெந்த நாடுகளுக்கு என்று ஒரு பட்டியல் தனியே இருக்கும். இந்தியா, பாகிஸ்தான் கண்ணில் படும்; இலங்கை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கடையில் நிற்பவரின் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு வாங்காமல், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது, நிமிடங்கள் மீதமிருந்தால் அடுத்த மாதத்துக்குப் போகுமா, மாதமா அல்லது 28 நாளா என்பது. 28 நாள் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு தரம் அல்ல, பதின்மூன்று தரம் காசு கட்டுகிறீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கணக்குத்தான்.

எங்கள் பக்கமும் ஒரு வேலை இருந்தது. உம்மாவின் சிம்மில் ஐடிடி திறந்திருக்கிறதா என்று பார்த்தோம். 2 ஐ அழுத்திப் பிடித்தால் +971 இல் தொடங்கும் தம்பியின் எண்ணுக்குப் போகும். அவர் பேசத் தேவையில்லை. ஒரு மணி அடித்து வைத்தால் "நேரம் கிடைத்தால் எடு". அடுத்தடுத்து மூன்று தரம் என்றால் உடனே எடு. மிஸ்ட் கோலுக்குக் காசில்லை என்பது உம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம். தம்பி போவதற்கு முன்னர் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடந்தது, அவன் முன் அறையில், உம்மா குசினியில்.

இனி இலங்கை எண். புதிய நாட்டுச் சிம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டு போகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இது.

தம்பியின் வங்கிக் கணக்கு, சம்பளம் வந்து சேரப் போகிற கணக்கு, எல்லாவற்றுக்கும் ஓடீபீ வருவது அவனது பழைய எண்ணுக்கு. அந்த எண் யாருடைய பெயரில் இருக்கிறது? #132# அழுத்தினால் எங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்தோம். தம்பியின் பெயரில் அந்த எண் இல்லை. அவனுக்கு அடையாள அட்டை எடுக்கிற வயது வருவதற்கு முன்னர் வாப்பா தன் பெயரில் வாங்கிக் கொடுத்தது. வாப்பா மௌத்தாகி நான்கு வருடம்.

இலங்கையில் இருக்கும் வரை இது ஒரு பிரச்சினையாகத் தெரியாது. ஷார்ஜாவில் போன் தொலைந்தால்? மாற்றுச் சிம்மை உரிமையாளருக்குத்தான் கொடுப்பார்கள். உரிமையாளர் கபுறில். மரணச் சான்றிதழ், தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்தில் உள்ள சேவை நிலையத்துக்கு இரண்டு தரம் போய்ப் பெயரை மாற்றினோம். அவன் இங்கே நின்றதால் முடிந்தது. அங்கே போய்விட்டால் இதை யார் செய்வது? இன்றைக்கே உங்கள் வீட்டுச் சிம்கள் யார் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். வடக்கில், முஸ்லிம் வீடென்றாலும் தமிழ் வீடென்றாலும், இறந்தவர்கள் பெயரிலும் காணாமல் போனவர்கள் பெயரிலும் எத்தனையோ எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெயர் மாறிய பிறகு ரோமிங் திறந்தோம். இதை நாட்டை விட்டுப் போவதற்கு முன்னரே செய்ய வேண்டும். ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு வெட்டமாட்டார்கள், ஓடீபீக்கு அது போதும். அந்த எண்ணுக்கு வருகிற அழைப்பை எடுத்தால் காசு வெட்டுவார்கள், ஆகவே எடுக்க வேண்டாம். டேட்டா ரோமிங்கை மூடியே வைக்க வேண்டும். தவறி ஒரு படம் இறங்கினாலே மீதிக் காசு முடிந்துவிடும். போன் ஈசிம் எடுக்குமென்றால் இலங்கை எண்ணை ஈசிம்மாக மாற்றிவிட்டு, சிம் போடுகிற இடத்தை அங்கத்தைய சிம்முக்கு விடலாம். இல்லையென்றால் இரண்டு சிம் போனே போதும், அவ்வளவு விலையும் இல்லை. ரீலோட் போடாமல் விட்டால் சில மாதங்களில் எண் துண்டிக்கப்படும், பிறகு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எண்ணைப் பெற்றவர் வாட்ஸப் போட்டால் உங்கள் வாட்ஸப் கணக்கு அவர் கைக்குப் போகும். அதனால் வாட்ஸப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இலக்கம் போட்டு வைத்தோம். சின்னத் தொகை ரீலோட் போடுகிற பொறுப்பு எங்களுடையது. நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறோம்.

எண் துண்டிக்கப்படுவது எங்கள் வீட்டில் சும்மா ஒரு சொல் இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவில் இருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது வாப்பா ரியாதில். உம்மா கைக்குழந்தைகளோடு வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தார். வாப்பா தொடர்ந்து கடிதம் எழுதியது சோனகத் தெரு விலாசத்துக்கு. அங்கே வாங்குவதற்கு ஆள் இல்லை. புத்தளத்தில் ஒரு பள்ளிவாசலின் பெயரைப் போட்டு உம்மா எழுதுவித்த கடிதம், ரியாதில் இன்னொரு யாழ்ப்பாணத்தவரின் கை வழியாக வாப்பாவிடம் போய்ச் சேர ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அவருக்குத் தெரியாது. பிறகு வந்த காலத்தில் கசெட்டில் பேசி அனுப்புவார். பிறகு கொமினிகேஷன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை வாங்கில் வரிசையாக இருந்து எங்கள் முறை வரும் வரைக்கும் காத்திருந்தது எங்களுக்கே ஞாபகம் இருக்கிறது. இப்போது தம்பி சொல்கிற "ஃபைவ் ஜீ" எல்லாம் நல்ல விஷயம்தான். எந்த இலக்கத்தில் ஆளைப் பிடிக்கலாம் என்பதுதான் உம்மாவுக்குத் தெரிய வேண்டியது.

வளைகுடாவை விட்டு வேறு பக்கம் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை படிப்புக்காக லண்டன் போனபோது நாங்கள் சொன்னது, போனதும் இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்துப் போடாதே என்பது. அங்கே மாதக் கட்டண ஒப்பந்தம் என்றால் கடன் வரலாறு பார்ப்பார்கள். நேற்று வந்தவருக்கு அது இருக்காது. 30 நாள் சிம், முன்கூட்டியே காசு கட்டுகிற முறை, அதுவே போதும். அந்தச் சந்தையில் பெயர் போன இரண்டு, எங்கள் ஆட்களின் கைவேலை. லெபாரா, 2001 இல் மூன்று இலங்கைத் தமிழர் தொடங்கியது. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற பெயர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். லைக்கா, முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா 2006 இல் தொடங்கியது. தமிழ்ப்படம் எடுக்கிற அதே லைக்காதான். நம்மவர் தொடங்கினார்கள் என்பதற்காகவே வாங்கவும் வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம். அறை இருக்கிற இடத்தில் சிக்னல் எப்படி என்று பாருங்கள்.

லண்டனில் எண்ணை மாற்றாமல் கம்பனியை மாற்றுவது மிக இலகு. 65075 என்ற இலக்கத்துக்குப் பிஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அனுப்பினால் ஒரு குறியீடு வரும், புதிய கம்பனியிடம் அதைக் கொடுத்தால் பழைய எண் கூடவே வரும். இது தெரியாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று சிம்மை மாற்றி மாற்றி எண்ணைத் தொலைக்கிறார்கள். இப்போது அங்கே விசாவே அட்டையில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் திறக்கப் பாதுகாப்புக் குறியீடு உங்கள் போனுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். தொலைந்த எண்ணைக் கொடுத்து வைத்திருந்தால் வீட்டு வாடகைக்கு விசாவைக் காட்ட வேண்டிய நாளில் வியர்க்கும்.

கனடா போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். ரொஜர்ஸ், பெல், டெலஸ் என்ற பெரிய பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஃபீடோ, வேர்ஜின் பிளஸ், கூடோ என்று அதே கம்பனிகளின் மலிவுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் இருக்கிற விலைக்கு மேல் வரி வரும், ரொறன்ரோவில் 13 வீதம். அங்கே 2017 டிசம்பரில் இருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்தும் கம்பனிகள் பூட்டிய போன் விற்க முடியாது. அதனால் இங்கே இருந்து கடன்பட்டுப் புதுப் போன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

தம்பியிடம் திரும்பி வருகிறோம். அவன் போய் இறங்கியதும் எடுத்தது கடவுச்சீட்டைக் காட்டி வாங்குகிற வருகையாளர் சிம். எமிரேட்ஸ் அடையாள அட்டை வரும் வரைக்கும் வேறு வழியில்லை. அட்டை வந்த பிறகுதான் நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த பெக்கேஜை எடுத்தான். அங்கே எண் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்காமல் விட்டால் எண்ணும் நின்றுவிடும். அந்தத் திகதியையும் எங்கள் நாட்காட்டியில் எழுதியிருக்கிறோம்.

உம்மாவின் தலைமாட்டில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எண்களில் தம்பியின் ஷார்ஜா எண். கீழே அவனோடு அறையில் இருக்கிற இரண்டு பேரின் எண்கள், அதற்குக் கீழே வேலைத்தள மேற்பார்வையாளரின் எண். அதே பக்கத்தின் பிரதி ஒன்று பக்கத்து வீட்டு ராத்தாவிடமும் பள்ளிவாசல் முஅத்தினிடமும் கொடுத்து வைத்திருக்கிறோம். போன மாதம் அறைத் தோழர்களில் ஒருவர் அபூதாபிக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவரது எண்ணை மூன்று இடத்திலும் வெட்டிவிட்டு, அவரது கட்டிலுக்கு வந்திருக்கிற காத்தான்குடித் தம்பியின் எண்ணை எழுதியிருக்கிறோம்.